மேட்டு நிலத்துக்காகப் பிறந்த விமானம்

கென்யாவின் தலைநகரான நைரோபியின் விமான நிலையம் சமுத்திர மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் விமான நிலையம் அதனினும் சற்று உயரம். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதாலும், நண்பகல் வெயிலில் அந்த மெலிந்த காற்றும் மேலும் விரிந்து அடர்த்தி குன்றிவிடுவதாலும், விமானத்தின் இறக்கைக்கு வேண்டிய தூக்கும் சக்தியும் எஞ்சினுக்கு வேண்டிய உந்தும் சக்தியும் ஏககாலத்தில் குறைந்துபோகின்றன. குளிர்நாட்டுச் சமவெளியில் பூரண பாரத்தோடு சுலபமாக எழும்புகிற விமானம், இங்கே அதே பாரத்தோடு ஓடுபாதையின் கடைசிவரை ஓடியும் எழும்பாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே பாரத்தைக் குறைக்க வேண்டும். பிரயாணிகளைக் குறைத்தால் வருமானம் போயிற்று. எரிபொருளைக் குறைத்தால் நெடுந்தூரம் போயிற்று. கானோ, லாகோஸ், நைரோபி, கராச்சி, சிங்கப்பூர் என்று வெயிலும் உயரமும் குறுகிய ஓடுபாதைகளும் மாறி மாறி வந்த மார்க்கங்களிலே தன் ஜீவனத்தை நடத்தி வந்த பி.ஓ.ஏ.ஸி. என்னும் பிரிட்டிஷ் அரசாங்க விமான ஸ்தாபனத்துக்கு, 1950-களில் ஜெட் யுகம் பிறந்தபோது எழுந்த முதல் சங்கடம் இதுதான்.

அந்தச் சங்கடத்துக்கு விடையாக, ஸர்ரே ஜில்லாவிலுள்ள வேபிரிட்ஜ் என்னும் ஊரில் விக்கர்ஸ் கம்பெனியார் நிர்மாணித்த நெடுந்தூர ஜெட் விமானமே வி.ஸி.10. 1962-ல் முதன்முதல் பறந்து, 1964-ல் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கி, 1981-ல், பி.ஓ.ஏ.ஸி.யின் வாரிசான பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஊழியத்திலிருந்து விடுபட்டு, அதன் பிறகும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் உழைத்து, 2013 செப்டம்பரில் ஓய்வு பெற்ற அந்த விமானம், மொத்தத்தில் 54 மட்டுமே செய்யப்பட்டது. எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுகிறவர்கள் அதைத் தோல்வி என்பார்கள். அந்தச் சொல்லை ஏற்க என் மனம் இசையவில்லை. ஒரு குறிப்பிட்ட நிலத்தின் தேவையை உள்ளபடி அறிந்து, அந்தத் தேவைக்கு அணுவும் பிசகாமல் பொருந்தும்படி ஒரு பொருளைச் செய்து முடித்த பிறகு, அந்த நிலமே தன்னை மாற்றிக்கொண்டுவிட்டதென்றால், செய்தவனுடைய சாமர்த்தியத்திலோ செய்யப்பட்ட பொருளிலோ குறை காண்பது எப்படி நியாயமாகும் என்பதே இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் என்னுள் எழுகிற கேள்வி.

இந்த விமானத்துக்கு முன்பே பிறந்து, கண் திறக்குமுன் மாண்டுபோன தமையன் ஒன்று உண்டு. வி-1000 என்ற பெயரில் ராணுவப் போக்குவரத்துக்கென விக்கர்ஸ் கட்டிவந்த அந்தப் பெரிய ஜெட், அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரே தாவலில் கடக்க வல்லது என்று எதிர்பார்க்கப்பட்டது; அதன் பிரயாணி உருவத்தையும் வகுத்து வைத்திருந்தார்கள். முதல் விமானம் முக்காலுக்கு மேல் உருவாகிவிட்ட நிலையில், 1955 நவம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது, பி.ஓ.ஏ.ஸி.யும் அதைக் காப்பாற்ற முன்வரவில்லை. மறு வருஷமே அதே பி.ஓ.ஏ.ஸி., அட்லாண்டிக் மார்க்கத்துக்கு அமெரிக்கப் போயிங் 707 விமானங்கள் பதினைந்தை வாங்க அனுமதி கேட்டுப் பெற்றது. விக்கர்ஸின் தலைவரான ஜார்ஜ் எட்வர்ட்ஸ், இந்தியன் ஏர்லைன்ஸ் பிரயாணிகளுக்குப் பழக்கமான வைகௌண்ட் விமானத்தை உலகுக்குத் தந்தவர். கையிலிருந்த வெற்றி நழுவியதைக் கண்ணாரக் கண்ட அவரிடமே, ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஏற்ற ஒரு விமானம் வேண்டுமென்று அந்த ஸ்தாபனம் திரும்பி வந்தது. 1958 ஜனவரியில் 35 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மேலும் 20 வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதில் சேர்ந்திருந்தது.

விமானத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துத் தேவைகள் அனைத்தும் அதன் உருவத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. போயிங்கில் நான்கு எஞ்சின்களும் இறக்கைக்குக் கீழே தொங்கின. வி.ஸி.10-லோ நான்கும் உடலின் பின்பகுதியில், பக்கத்துக்கு இரண்டாக, இறக்கையை விட்டு முற்றிலும் விலகி அமைந்தன. அதனால் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எவ்விதத் தடையுமின்றி விடுபட்டு, தன் முழு நீளத்தையும் தூக்கும் வேலைக்கே அர்ப்பணிக்க முடிந்தது. முன்விளிம்பு நெடுகிலும் நீண்டு வெளிவரும் பலகைகளும், பின்விளிம்பில் அகலமாக விரிந்து இறங்கும் மடல்களும் சேர்ந்து, மெதுவான வேகத்திலும் காற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையை அந்த இறக்கைக்கு அளித்தன. எழும்பவும் இறங்கவும் குறைந்த தூரம் போதும்; இறங்கும் வேகமும் 707-ஐ விடக் கணிசமாகக் குறைவு. எஞ்சின்கள் தரையிலிருந்து உயர்ந்து நின்றபடியால் செம்மண் புழுதியும் சிறு கற்களும் உள்ளே போகும் அபாயமும் குறைந்தது. ரோல்ஸ் ராய்ஸின் கான்வே எஞ்சின் அந்த நாளில் மிகுந்த வலிமை உடையது. உள்ளே இழுத்த காற்றில் ஒரு பகுதியை எரியும் அறைக்கு அனுப்பாமல் வெளிப்புறமாகவே செலுத்தும் முறையில் இயங்கி, வழக்கமான சேவைக்கு வந்த முதல் எஞ்சின் அதுவே.

இதற்கெல்லாம் விலை இல்லாமலில்லை. இறக்கையில் தொங்கும் எஞ்சினின் கனம், மேலே வளையப் பார்க்கும் இறக்கையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்வதால், அந்த இறக்கையைச் சற்று இலேசாகவே கட்டலாம், வி.ஸி.10-க்கு அந்த அனுகூலம் இல்லை. நான்கு எஞ்சின்களின் கனத்தையும் தாங்குவதற்குப் பின்புற உடலையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. எஞ்சின்களின் அனல்காற்றுக்கு ஒதுங்கி நிற்பதற்காக, கிடையாக அமைய வேண்டிய வால் இறக்கையைத் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில், நிமிர்ந்த வாலின் உச்சியிலே ஏற்றி வைத்தார்கள். அந்த உயரமான வால் பார்ப்பதற்குக் கம்பீரமானது. எனினும் அதனுள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்து, இறக்கை காற்றின் பிடியை இழக்கும் தருணத்தில், அந்த இறக்கையிலிருந்து கலைந்து வரும் காற்றுக்குள்ளேயே வாலும் அகப்பட்டுக்கொண்டால், விமானியின் கட்டளை எதற்கும் விமானம் பணியாது. 1963 அக்டோபரில் இதே விதமான வாலுடைய பி.ஏ.ஸி. ஒன்-லெவன் என்ற விமானம் பரீட்சையின்போது இவ்வாறு வீழ்ந்து, உள்ளே இருந்த எழுவரும் மாண்டார்கள். அந்த மரணங்களின் நிழலில் வி.ஸி.10-ஐ மீண்டும் மீண்டும் அந்த எல்லைக்கே கொண்டுபோய், அது எங்கே பணிகிறது, எங்கே பணிய மறுக்கிறது என்று அறிந்து வந்தவர் பிரையன் டிரப்ஷா. பிற்காலத்தில் பிரிட்டிஷ் கான்கார்டின் முதல் பறப்பை நடத்தியவரும் அவரே. அந்தப் பொறுமையான தைரியத்துக்குப் பின்னர் அதில் ஏறிய ஒவ்வொரு பிரயாணியும் கடன்பட்டவன்.

அதன் உறுதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இறக்கையின் மேல்தோலைத் தகடுகளாகச் செய்து உட்புறம் விலாக்களை ஆணிகளால் பிணைப்பது சாதாரண வழக்கம். வேபிரிட்ஜ் தொழிலாளர்களோ கனமான உலோகப் பாளத்தை எடுத்து, வேண்டாத பாகத்தையெல்லாம் யந்திரத்தால் குடைந்து நீக்கி, தோலும் விலாவும் ஒன்றாகவே நிற்கும்படி, ஒற்றை மரத்தில் ஓடம் குடைவது போல, அந்த இறக்கையைக் கடைந்தெடுத்தார்கள். உடலின் சட்டங்கள் பலவும் அவ்வாறே. பாளத்தின் பெரும்பகுதி சீவலாய்ப் போயிற்று; செலவும் கனமும் கூடின. ஆனால் அரை நூற்றாண்டு கழித்தும் அந்த இறக்கைகள் பாரம் சுமந்து கொண்டிருந்ததற்குக் காரணத்தை அந்தப் பட்டறையில்தான் தேட வேண்டும்.

1962 ஜூன் 29-ஆம் தேதி, ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயத் திடலாக விளங்கிய, வேபிரிட்ஜிலுள்ள புரூக்லண்ட்ஸின் குறுகிய ஓடுபாதையிலிருந்து, ஜாக் பிரைஸ் என்ற தலைமைப் பரீட்சை விமானி அதனை எழுப்பிக்கொண்டு அருகிலிருந்த விஸ்லி மைதானத்தில் இறக்கினார். குறுகிய பாதையில் எழும்பத் தெரிந்த விமானம் என்பதற்கு அதன் பிறப்பிடமே முதல் சாட்சியாயிற்று. பரீட்சைகளில் காற்றின் எதிர்ப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமென்று தெரியவரவே, இறக்கை நுனிகளையும் எஞ்சின் கூடுகளையும் திருத்தியமைத்தார்கள். 1964 ஏப்ரல் 29-ஆம் தேதி லண்டனிலிருந்து லாகோஸுக்கு முதல் சேவை புறப்பட்டது. உடல் நீண்டு அதிகம் பேரைக் கொள்ளும் சூப்பர் வி.ஸி.10, 1965 ஏப்ரல் முதல் தேதியன்று நியூயார்க் மார்க்கத்தில் இறங்கிற்று.

இதற்குள் நிலம் மாறிவிட்டிருந்தது. 707-ம் டக்ளஸ் டி.ஸி.8-ம் உலகெங்கும் செல்லத் தொடங்கவே, அவற்றை வரவேற்க விரும்பிய நகரங்கள் தத்தம் ஓடுபாதைகளை நீட்டிக்கொண்டன. குறுகிய பாதை என்ற தடை எந்த மைதானங்களில் இருந்ததோ அங்கெல்லாம் சிமெண்டு பாதைகள் நீண்டு போய், அந்தத் தடையை வெல்வதற்கென்றே பிறந்த விமானத்தின் விசேஷத் தகுதியை மெல்ல மெல்ல அபகரித்தன. மிஞ்சியது அதன் கனம், அதன் எரிபொருள் செலவு. கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு அவை மட்டுமே தெரிந்தன. பி.ஓ.ஏ.ஸி.யின் தலைவராயிருந்த ஸர் மாத்யூ ஸ்லாட்டரி, தேசத்தின் கௌரவத்துக்காகச் சுதேச விமானத்தை வாங்கு, ஆனால் வியாபாரியைப் போல லாபமும் காட்டு என்று அரசாங்கம் இரண்டு விதமாகப் பேசுவதைக் கண்டித்துக் கொண்டே இருந்தவர், 1963 முடிவில் பதவியை விட்டார். அவருக்குப் பின் வந்த ஸர் ஜைல்ஸ் கத்ரி, வியாபார நோக்கையே பிரதானமாகக் கொள்ளும்படி பணிக்கப்பட்டவர். ஒப்புக்கொண்ட சூப்பர் வி.ஸி.10-களை ரத்து செய்துவிட்டுப் போயிங்குகளையே வாங்கலாமென்று யோசனை கூறினார். பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பெரிய விவாதம் மூண்டது. முடிவில் முப்பது சூப்பர் விமானங்களுக்குப் பதில் பதினேழு என்றும், பழைய உருவத்தில் பன்னிரண்டு என்றும் தீர்ந்தது.

கத்ரியைக் குற்றம் சொல்ல நான் முன்வரமாட்டேன். லாபத்தைக் காட்டு என்று சொல்லி உட்கார்த்தி வைத்த மனிதர் லாபத்தைப் பற்றிப் பேசினார். குற்றம், தேவையை எழுதிக் கொடுத்தவர்களே, அந்தத் தேவைக்கு ஏற்ப யந்திரம் கட்டிமுடிந்த பிறகு, வேறொரு தேவைக்கான அளவுகோலை எடுத்துவந்து அதனை அளந்ததில் இருக்கிறது. சொந்த நாட்டு ஸ்தாபனமே பகிரங்கமாகக் குறை கூறுகிற விமானத்தை அந்நிய நாட்டார் வாங்குவார்களா? உலகச் சந்தையில் அதன் விதி அந்த விவாதத்தோடேயே முடிந்துவிட்டது.

ஆனால் பிரயாணிகள் இந்தத் தர்க்கங்களையெல்லாம் அறியாதவர்கள், அறிந்தாலும் பொருட்படுத்தாதவர்கள். எஞ்சின்கள் அனைத்தும் பின்னால் இருந்தபடியால் அறைக்குள் இரைச்சல் குறைவாயிருந்தது. வெளியே நின்று கேட்டவர்களுக்கு அதன் புறப்பாடு இடிமுழக்கம்; உள்ளே அமர்ந்தவர்களுக்கோ அதுவரை எந்த ஜெட்டிலும் கண்டிராத அமைதி. இந்த விமானத்தில் செல்ல வேண்டுமென்றே கேட்டு இடம் வாங்கினார்கள், பி.ஓ.ஏ.ஸி.யின் மற்ற விமானங்களைவிட இதில் ஆசனங்கள் அதிகமாக நிரம்பின. ஆலோசனை மண்டபத்தில் ஸ்தாபனம் எந்த விமானத்தை வேண்டாமென்றதோ, அதே விமானத்தின் வேகத்தையும் அமைதியையும் விளம்பரங்களில் அதே ஸ்தாபனம் வாயாரப் புகழ்ந்தது. தாய் தந்தையர் ஆப்பிரிக்காவிலோ வளைகுடாவிலோ இருக்க, தான் மட்டும் இங்கிலாந்துப் பள்ளியில் தங்கிப் படித்த சிறுவனுக்கு, விடுமுறையில் போகவும் வரவும் வாய்த்த வாகனம் பெரும்பாலும் இதுவே. ஜூனியர் ஜெட் கிளப் என்ற பெயரில் அவனுக்கு ஒரு சிறு குறிப்புப் புத்தகம் கொடுப்பார்கள். பணிப்பெண் அதை வாங்கி முன்னறைக்கு எடுத்துச் செல்வாள். புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், பறந்த மைல் இவற்றை எழுதிக் காப்டன் தன் கையெழுத்தையும் இட்டு அனுப்புவார். இன்று எழுபதை எட்டிய மனிதர்கள் அந்தப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

1979 மார்ச்சில் ஒரு சூப்பர் வி.ஸி.10 நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்குக்கு 5 மணி 1 நிமிஷத்தில் சேர்ந்தது. ஒலியின் வேகத்தைக் கடவாத பிரயாணி விமானங்களில் அந்தச் சாதனை நாற்பது ஆண்டுக்காலம் பேசப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது, அந்த விமானம் திட்டமிடப்பட்ட காலத்துக்கும் பறந்த காலத்துக்கும் இடையே உலகப் படத்தில் நிகழ்ந்த மாறுதல். 1957-ல், கானா சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில், பழைய சாம்ராஜ்யத்தின் மார்க்கங்களை மனத்தில் வைத்து அதன் உருவத்தை வரைந்தார்கள்; முதல் சேவை லாகோஸில் இறங்கும்போது நைஜீரியா சுதந்திர நாடாகி மூன்றரை வருஷம் ஆகியிருந்தது; கென்யாவும் சுதந்திரமடைந்துவிட்டது. சாம்ராஜ்யத்தின் ஊர்களை இணைக்க உருவான விமானத்தை, சாம்ராஜ்யத்திலிருந்து விடுபட்ட ஊர்கள் தங்கள் கொடியை வாலில் எழுதிக்கொண்டு பறக்க வாங்கின. கானா ஏர்வேஸ் இரண்டு வாங்கிற்று. இலங்கையின் ஏர் சிலோன், பி.ஓ.ஏ.ஸி.யின் விமானங்களை வாடகைக்குப் பெற்று லண்டன் சேவையை நடத்திற்று. கென்யா, உகாண்டா, தான்ஸானியா மூன்றும் சேர்ந்து நடத்திய ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஐந்து சூப்பர் விமானங்களை வாங்கி, மூன்று தேசங்களின் பதிவு எழுத்துக்களையும் அவற்றுக்குப் பகிர்ந்தளித்தது. நைரோபியின் மெல்லிய காற்றிலே எழும்புவதற்கென வகுத்த இறக்கை கடைசியில் நைரோபிக்கே உரிமையாயிற்று. அவற்றுள் ஒன்று 1972 ஏப்ரலில் அடிஸ் அபாபாவில், புறப்படும் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த முயன்று பாதையைத் தாண்டிப் போய் நொறுங்கியது. 43 பேர் மாண்டார்கள். அதற்கு முன் 1969 நவம்பரில் லாகோஸ் அருகே நைஜீரியா ஏர்வேஸின் வி.ஸி.10 வீழ்ந்து 87 பேர் இறந்திருந்தார்கள். பிரயாணிகள் உயிரிழந்த பெருவிபத்துக்கள் இந்த இரண்டே.

அந்தக் காலத்து அரசியலின் வன்முறையும் இதைத் தீண்டாமல் விடவில்லை. 1970 செப்டம்பர் 9-ஆம் தேதி பம்பாயிலிருந்து பஹ்ரைன், பெய்ரூட் வழியாக லண்டன் செல்லப் புறப்பட்ட பி.ஓ.ஏ.ஸி. விமானத்தைப் பாலஸ்தீனப் போராளிகள், பஹ்ரைனை விட்ட பிறகு கைப்பற்றி ஜோர்டானின் பாலைவனத்தில் இறக்கினார்கள். லண்டனில் காவலில் இருந்த, தங்கள் இயக்கத்தைச் சேர்ந்த லைலா காலித்தை விடுவிப்பதே அவர்கள் நோக்கம். பள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர், துணையில்லாமல், அதில் இருந்தார்கள். மூன்றாம் நாள் பிரயாணிகளை இறக்கிவிட்டு, ஏற்கெனவே கடத்தி வந்து அங்கு நிறுத்தியிருந்த இரண்டு விமானங்களோடு அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறு வருஷம் ஜூலையில், லண்டனிலிருந்து கார்ட்டூமுக்குச் சென்ற வி.ஸி.10 ஒன்றை லிபியா பெங்காஸியில் இறங்கும்படி கட்டாயப்படுத்தி, அதிலிருந்த ஸூடான் புரட்சித் தலைவர்கள் இருவரைப் பிடித்து ஸூடான் அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. இருவரும் மரண தண்டனைக்கு உள்ளானார்கள்.

1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும், நானூறு பேரைக் கொள்ளும் 747 வந்ததும் பிரயாணி வி.ஸி.10-ன் காலத்தை முடித்துவிட்டன. 1981 மார்ச் இறுதியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கடைசிச் சூப்பரை நிறுத்தியது. ஆனால் 1966 முதலே பிரிட்டிஷ் விமானப் படையினர் பதினான்கு வி.ஸி.10-களைத் துருப்புக்களைச் சுமக்க வைத்திருந்தார்கள். அவற்றின் ஆசனங்களெல்லாம் பின்னோக்கியே அமைந்தவை, மோதல் நேர்ந்தால் முதுகு தாங்கிக்கொள்ளும் என்பதற்காக. விக்டோரியா கிராஸ் பெற்ற விமான வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் சூட்டியிருந்தார்கள். 1982-ல் ஃபாக்லாந்து யுத்தத்தில் காயமுற்றவர்களை மாண்டிவிடியோவிலிருந்து தாயகம் கொண்டு சேர்த்தவை அவையே. பிரயாணி ஸ்தாபனங்கள் கழித்துவிட்ட விமானங்களையும் படையினர் வாங்கி, உள்ளே எரிபொருள் தொட்டிகளை வைத்து, ஆகாயத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் கலங்களாக மாற்றினார்கள்.

அந்த வேலையைச் சமீபத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இறக்கைகளுக்கும் கீழே தொங்கும் பேழைகளிலிருந்தும், பின் வயிற்றிலிருந்தும், நீண்ட குழாய்கள் காற்றில் இறங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் வட்டமான ஒரு கூடை விரிந்து நிற்கிறது. பின்னால் வரும் போர்விமானம், முன்னே நீட்டிய தன் குழல்முனையை அந்தக் கூடைக்குள் நேரே செலுத்தித் தள்ள வேண்டும். தள்ளிய மாத்திரத்தில் எரிபொருள் பாயத் தொடங்குகிறது. விமானத்தின் அடிவயிற்றிலுள்ள காமிரா காட்டும் சித்திரத்தைப் பார்த்தவாறே பொறியாளர் கணக்கை எழுதிக்கொள்கிறார். பின்தொடரும் இரண்டு விமானங்கள் இரு இறக்கைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் பருக, பெரிய விமானம் அசையாமல் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். பூரண பாரத்தோடு எழும்பும் வலிமையும், காற்றைக் கலைக்காமல் செல்லும் தடையற்ற இறக்கையும், கடைந்தெடுத்த உறுதியும் இங்கே வந்து பயன்பட்டன. நைரோபிக்காக யோசித்த குணங்கள் வளைகுடா யுத்தத்திலும், ஆப்கானிஸ்தானத்தின் மேலும், ஃபாக்லாந்தின் குளிர்க்கடல் மேலும் வேலை செய்தன.

அவ்வாறு மாற்றப்பட்டவற்றுள், 1977-ல் கலைந்துபோன ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஏர்வேஸில் மிஞ்சிய நான்கு சூப்பர்களும் அடங்கும். அந்த நான்கில் ஒன்று, 1970-ல் வேபிரிட்ஜ் ஆலை கடைசியாகச் செய்து அனுப்பிய வி.ஸி.10, தான்ஸானியாவின் பதிவு எழுத்துக்களோடு கிழக்காப்பிரிக்காவுக்குப் போனது. 2013 செப்டம்பர் 20-ஆம் தேதி படையின் கடைசிச் சேவைப் பறப்பு முடிந்தது. நான்கு நாள் கழித்து அந்தக் கடைசி விமானம் டன்ஸ்ஃபோல்ட் மைதானத்தில் இறங்கி, புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தார் வசம் சேர்ந்தது. மறுநாள் அதன் சகோதர விமானமொன்று, அதுவும் தான்ஸானியப் பதிவில் பறந்ததுதான், புரண்டிங்தார்ப்பில் இறங்கியதோடு வி.ஸி.10 இனம் வானத்தை விட்டது. டன்ஸ்ஃபோல்டில் தொண்டர்கள் கூடி, அந்தக் கான்வே எஞ்சின்களைத் தரையில் நிறுத்தியபடியே முடுக்கி ஓட்டிப் பராமரித்து வந்தார்கள்.